நித்திரையோ?

…நித்திரை வராததுக்குக் காரணம் தேத்தண்ணியாம், குருநகரில் தேத்தண்ணி குடிக்காத வீடு எது, எல்லாரும் குறட்டை விட்டு நித்திரை கொள்கிறார்கள்தானே என்று ஜெசிதா நினைத்தாள், வாய் மட்டும் "ஓம் டொக்டர், பின்னேரத்திலையும் குடிக்கிறனான்" என்றது. அந்த டொக்டருக்கு அவளுக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். பின்னேரத் தேத்தண்ணியை விட வேண்டும், பகலில் படுக்கக் கூடாது, படுக்கையில் போன் பார்க்கக் கூடாது… போன். அந்தச் சொல்லுக்கு நெஞ்சு இன்னமும் துள்ளி விழுகிறது, வெட்கம் கெட்ட நெஞ்சு. புருசன் கிறிஸ்துநாயகம் கடலுக்குப் போன காலமெல்லாம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அவளுக்குக் கோல் எடுப்பான். "நித்திரையோ? நான் இஞ்சை அலைக்குள்ள சாகிறன், உனக்கு நித்திரை கேக்குதோ? பக்கத்திலை ஆர்?" பக்கத்தில் யார் இருந்தது, தலையணைதான். அவள் பிந்தி எடுத்தால் விடியக் கரைக்கு வந்ததும் அறை விழும், கன்னத்தில் ஒட்டிய மீன் செதிலைக் கழுவிவிட்டு அவள் பூசைக்குப் போவாள்.

"மனதுக்குக் கவலை ஏதும் இருக்கோ அம்மா?" டொக்டரின் பார்வை பக்கத்துச் சக்கர நாற்காலிக்குப் போனது. விட்டுவிட்டு வர ஆளில்லாமல் அவனையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். போன தவக்காலத்தில் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. "இவரைப் பாக்கிறதுதான் டொக்டர்." பொய்யில்லை, ஆனால் முழுவதும் சொன்னால் இந்தப் பிள்ளை என்ன மருந்து எழுதும்? விழுந்த பிறகு அவன் குழந்தையைப் போல நித்திரை கொண்டான், வாய் திறந்து, எச்சில் வழிய… அவளோ இனி வரவே வராத அழைப்புக்குக் காது கொடுத்தபடி கிடந்தாள். ஒருநாள் பொறுக்காமல் எழும்பி, லைற்றைப் போட்டு, தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் குனிந்து "நித்திரையோ?" என்றாள். அவன் வெருண்டு விழித்த விழிப்பு! அன்றைக்கு மட்டும்தான் என்றுதான் நினைத்தாள். பிறகு அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், அவனுக்குக் கண் சொருகும் நேரமாகப் பார்த்து…

"நித்திரை வராட்டிப் படுக்கையிலையே புரளாதைங்கோ. எழும்பி ஏதும் சின்ன வேலை செய்யுங்கோ."

"அப்பிடித்தான் செய்யிறனான்."

அவனுடைய தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. "ஐயாவின்ரை கண்ணும் சிவந்து கிடக்கு, அவருக்கும் எழுதட்டோ?" "அவருக்கு வேண்டாம்!" நினைக்கும் முன்பே வந்துவிட்டது. அவனுடைய இடக்கை நீண்டு மேசை விளிம்பைப் பற்றியது, கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. "பாவம், உங்களை நினைச்சு அழுறார்," என்றாள் டொக்டர். ஓம், என்னைத்தான் நினைக்கிறார்… ஜெசிதா லேஞ்சியால் அவன் முகத்தைத் துடைத்தாள், மற்றக் கையால் அவன் விரல்களை மேசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை, விடியுமட்டும் அசையமாட்டீங்கள்." விடியுமட்டும்… எத்தனை வருசத்து ஆசை, சந்தோசம்தானே வர வேண்டும், மருந்து கொடுக்கும் யன்னல்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறபோது ஏன் வரமாட்டன் என்கிறது? நான் அப்படி அசையாமல் கிடந்தால் இந்த மனுசனை ஆர் எழுப்புறது? உள்ளேயிருந்தவன் குளிசைப் பையை நீட்டினான், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவளுக்கோ நாற்காலிப் பிடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.