கொட்டாவி செத்த விதம்

பேருந்துப் பணிமனையில் விபத்து விசாரணை அதிகாரிக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'நின்னுகாட்டு'. எந்தப் பேருந்து எதன்மீது உரசினாலும் அவர் போய் இறங்குவார். ஓட்டியவர், இடிபட்டவர், வேடிக்கை பார்த்தவர் என எல்லோரையும் அவரவர் இருந்த இடத்திலேயே நிறுத்தி, நடந்ததை மறுபடி நடத்திக் காட்டச் சொல்வார். இடிபட்ட மாடு ஒன்று ஒத்துழைக்க மறுத்ததால் அதன் இடத்தில் அவருடைய உதவியாளர் நாலு காலில் நின்றார் என்றும் பணிமனையில் ஒரு பேச்சு உண்டு. "காரணம் இல்லாம எதுவும் நடக்காது" என்பார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அதே வாக்கியம்தான்.

அப்படிப்பட்டவர் வீட்டில், சனிக்கிழமை மத்தியானம், மகளுடைய முயல் ஒரு காரணமும் காட்டாமல் செத்துக் கிடந்தது.

எந்நேரமும் வாயைத் திறந்து திறந்து மூடியதால் அதற்குக் கொட்டாவி என்று பெயர். காயம் இல்லை, நுரை இல்லை. தட்டில் பாதி கேரட் அப்படியே இருந்தது. கால்நடை மருத்துவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சில முயல் இப்படித்தான் சார் போயிடும். ஏன்னு சொல்ல முடியாது" என்றார். இந்த ஆளுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார் அதிகாரி.

முயலைப் பின்பக்கம் புதைத்தார்கள். பதினோரு வயது மகள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை. காலிக் கூண்டுக்கு எதிரே, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார வைத்த பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தாள். அதிகாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூண்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். கம்பியை முகர்ந்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கப் போனவரை மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். காரணத்தைக் கண்டுபிடித்து மகள் கையில் கொடுத்துவிட்டால் அவள் எழுந்து சாப்பிட்டுவிடுவாள் என்பது அவர் கணக்கு.

ஞாயிறு காலையில் அறிவித்தார். "எல்லாரும் நேத்து இருந்த இடத்துல நில்லுங்க."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, அடுப்படிக்குப் போய்க் கரண்டியோடு நின்றாள். பதினைந்து வருடப் பழக்கம்.

வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அந்த வீட்டில் தங்கியிருந்த அவள் தம்பி தயங்கினான். "அத்தான், நான் அப்போ பாத்ரூம்ல இருந்தேன்."

"அப்ப அங்க போ."

"கதவைச் சாத்தணுமா?"

"நேத்து சாத்தினியா?"

"சாத்தாம யாரு அத்தான் போவா?"

கதவு சாத்திக்கொண்டது. அதிகாரி தன் கம்பளித் தொப்பியைச் சுருட்டிக் கூண்டுக்குள் முயலாக வைத்தார். "நீ ஸ்கூல் பையோட வந்தே. அப்புறம்?"

மகள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். அப்பாவின் விசாரணையில் எதையும் விடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கூண்டருகே குனிந்தாள். "என் ஷூ லேஸைக் கடிச்சு வெச்சிருந்துச்சு. நான் அதைப் பார்த்து, செத்துத் தொலைன்னு சொன்னேன்." கம்பளித் தொப்பியையும் பார்த்து அதையே ஒருமுறை சொன்னாள், அதே குரலில். "அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ் போயிட்டேன். வந்து பார்த்தா செத்துருச்சு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

பணிமனையில் ஒருவர் வாயால் ஒப்புக்கொண்டால் விசாரணை முடிந்தது. அதிகாரி டீ சொல்லுவார். இங்கே அவர் டீ சொல்லவில்லை. "அதனால எல்லாம் இல்லம்மா" என்றார்.

"அப்ப எதனால?"

"வெயிலா இருக்கும்."

"ஃபேன் ஓடிச்சு."

"கேரட்டு அழுகலா..."

"அதே கேரட்டைத்தான் மாமாவும் தின்னாரு."

"ஆமா அத்தான்" என்றது பாத்ரூம்.

"நீங்கதானப்பா சொல்வீங்க, காரணம் இல்லாம எதுவும் நடக்காதுன்னு."

இரண்டு தடவை வாசல்வரை நடந்துவிட்டு வந்தார் அதிகாரி. உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய்ச்சாட்சி சொல்லத் துணிந்தார். "நான்தான்மா. நேத்து காலையில கரப்பானுக்கு மருந்து அடிச்சேன். கூண்டுப் பக்கம் பட்டிருக்கும்."

மகள் அவரையே பார்த்தாள். "எங்க நின்னு அடிச்சீங்க? நின்னு காட்டுங்க."

போய் நின்றார். ஜன்னலருகே ஒரு இடம், பிறகு அலமாரியருகே ஒரு இடம். எந்தக் கையில் டப்பா என்று கேட்டாள். வலது என்றார், பிறகு இடது என்றார். மனைவி பொறுக்கமுடியாமல் எட்டிப்பார்த்தாள். "அந்த டப்பா தீர்ந்து எத்தனை மாசமாச்சு. வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்."

சாட்சி முறிந்தது. இல்லாத டப்பாவைப் பிடித்திருந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"உங்களுக்கேவா?"

"தெரியல. டாக்டருக்கும் தெரியல. யாரும் ஒண்ணும் பண்ணல."

அவள் நம்பலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "செத்துத் தொலைன்னு சொன்னா செத்துருவாங்களா? உங்கப்பா தெனமும் அவரு மேனேஜரை அப்படித்தான் சொல்றாரு. அந்தாளுக்கு வருஷா வருஷம் பேன்ட் பத்தாம போகுது."

மகளுக்குச் சிரிப்பு மூக்குவழியாக வந்தது. வந்தது பாதியிலேயே உடைந்து அழுகையானது. பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, நேற்று மத்தியானத்திலிருந்து குற்றவாளிக்கு அனுமதிக்கப்படாத அழுகையை எல்லாம் அழுதாள். "கொட்டாவி, கொட்டாவி" என்று கூப்பிட்டாள்.

"அக்கா, நான் வெளிய வரலாமா?" என்றான் தம்பி.

அதிகாரி மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நல்ல முயல், ஒரு தொந்தரவு இல்லாத முயல், அது ஏன் என்று உள்ளுக்குள் மறுபடி ஆரம்பித்தது. வாய்வரை வந்துவிட்டது. ஆடும் காலை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் முதுகிலிருந்த பையை மெல்லக் கழற்றத் தொடங்கினார்.