முகப்பு பார்க்கப் போனவர்கள்

கீழ்க்கட்டளை சத்யநாராயணன் சார் வீட்டு இரண்டாம் மாடித் தளம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்தது. தளம் போட்டு முடித்தால் வீட்டுக்காரர் வேலையாட்களுக்கு பிரியாணி வாங்கித் தருவது வழக்கம். கையில் ஒட்டிய சிமெண்ட்டைக்கூடக் கழுவாமல் மேஸ்திரி சாம்பசிவன் வந்து கேட்டார்.

"சிக்கனா மட்டனா, சீக்கிரம் சொல்லுங்க. சாரு போன்ல கீறாரு."

"போட்டு," என்றாள் செல்லியம்மாள்.

"இன்னாது?"

"போட்டு மேஸ்திரி. கோவளத்தாண்ட கழியில துடுப்பு போட்டு ஓட்றாங்களே, வாடகைக்கு. எங்க மூணு பேருக்கும் பிரியாணி வேணாம். அதுல ஏத்தி வுடச் சொல்லு."

சாம்பசிவன் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஹேமாவதியும் சுபத்ராவும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூன்று பேரும் தாம்பரத்துப் பக்கம். பதினோரு வருஷமாக ஒன்றாகச் சித்தாள் வேலை. செல்லியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, கூட்டத்துக்கு அவள்தான் பெரியவள். ஹேமாவதி முப்பதைத் தொட்டவள், வாய் ஓயாது. சுபத்ரா பேசவே மாட்டாள். பேசினால் சரியாக இருக்கும்.

படகு ஆசை செல்லியம்மாளுடையது. சிறுசேரிக்குக் கொஞ்சம் முன்னால், உப்பங்கழியை ஒட்டி, மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்றில் மூவரும் இரண்டரை வருஷம் வேலை செய்தார்கள். பெரிய தளமெல்லாம் பம்ப் வைத்துப் போட்டார்கள். சன்ஷேடு, மூலை முடுக்கு, பால்கனிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் இவர்கள் சட்டியில் சுமந்ததுதான். கட்டடத்தின் முகப்பு தண்ணீரைப் பார்த்து இருந்தது. வேலையாட்களுக்குப் பின்வாசல். முகப்பில் கடைசிவரை பச்சை வலை தொங்கியது. வலையைக் கழற்றுவதற்குள் இவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடுகளில் ஆட்கள் குடிவந்த பிறகு செல்லியம்மாள் ஒரு தடவை போனாள். எந்த வீட்டு வேலைக்கு என்று வாட்ச்மேன் கேட்டான். வேலைக்கு இல்லை, பார்க்க வந்தேன் என்றாள். அவன் கம்பை நீட்டி ரோட்டைக் காட்டினான். ரோட்டிலிருந்து பார்த்தால் குழாயும் ஏசி பெட்டியும்தான். கட்டினதன் முதுகை மட்டுமே பார்த்தவள் அவள். நாலு வருஷமாக அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. கழியில் வாடகைப் படகு விடுகிறார்கள், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று மருமகன் சொன்ன நாளிலிருந்து அரிப்பு இன்னும் கூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மேஸ்திரியின் குட்டியானை வண்டி அவர்களைக் கழிக்கரையில் இறக்கியது. நல்ல புடவை கட்டி, அதன்மேல் வேலைக்குப் போடும் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சாம்பசிவன் கரையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நான் வரலப்பா. எனக்கு ரெண்டு பசங்க கீது," என்றார்.

படகுக்காரி பாப்பா பக்கத்துக் குப்பத்துப் பெண். நைட்டிமேல் துண்டு, கழுத்தில் விசில். கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள், ஐந்து வருஷமாகப் படகு விடுகிறாள். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டே சட்டம் சொன்னாள்.

"ஒரு மணி நேரம். அதோ கோரத் திட்டு தெரியுதா? அது வரிக்கும் போலாம். அத்த சுத்திகினு அந்தாண்ட போவக் கூடாது. பத்து மணிக்கு மேல கடல் காத்து ஏறும். போறப்போ சொகமா தள்ளிகினு போவும், திரும்பறப்போ கை கழண்டுடும். நான் விசில் ஊதுனா எங்க கீறியோ அங்கியே திரும்பிடணும். திரும்பலன்னா எஞ்சின் போட்டு எட்த்துகினு வந்து கவுறு கட்டி இஸ்துகினு வருவேன். அல்லாரும் வீடியோ எடுப்பாங்க, சொல்ட்டேன்."

"திட்டுக்கு அந்தாண்ட இன்னா கீது?" என்றாள் செல்லியம்மாள், தெரியாதவள் மாதிரி.

"அப்பார்ட்மென்ட்டு. அத்த பாத்து இன்னா பண்ணப் போற?"

"சும்மா கேட்டேன்."

சுபத்ராவுக்கு மிதவைச் சட்டையின் வார் எட்டவில்லை. பாப்பா காலை ஊன்றி இழுத்துப் பூட்டினாள். "சிமெண்ட் மூட்டைக்குத் தையல் போட்டாப்ல கீது," என்றாள் ஹேமாவதி. சுபத்ரா அவள் தலையில் ஒன்று வைத்தாள்.

நீளமான சிவப்புப் படகு. முன்னால் செல்லியம்மாள், நடுவில் ஹேமாவதி, கடைசியில் சுபத்ரா. பாப்பா தள்ளிவிட்டாள்.

படகு பத்தடி நேராகப் போனது. பிறகு வட்டம் போட ஆரம்பித்தது.

மூவர் கையிலும் வலு இருந்தது. அதுதான் பேஜார். செல்லியம்மாள் ஒரு இழுப்பு இழுத்தால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். ஹேமாவதி அதைச் சரிசெய்கிறேன் என்று மறுபக்கம் இழுப்பாள். அதற்குள் சுபத்ரா பின்னால் இன்னொன்று போட்டிருப்பாள். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு தடவை கரையில் போய் முட்டியது. சாம்பசிவன் நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ் மேஸ்திரி! நீ வந்து ஒக்காந்து பாரு, தெரியும்!" என்று ஹேமாவதி கத்தினாள்.

மஞ்சள் நிறத்தில் ஒற்றை ஆள் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. அதில் ஷெர்வின் என்ற பையன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு தவறாமல் வருகிறவன். கையுறை போட்டிருந்தான்.

"ஆன்ட்டி, ரிலாக்ஸ். மூணு பேரும் ஒரே டைம்ல போடணும். நான் கவுன்ட் பண்றேன். ஒன்… டூ…"

"தம்பி, உன் டூ வர்றதுக்குள்ள எனக்கு நாலு முடிஞ்சிடுது," என்றாள் ஹேமாவதி.

"பின்னாடி உக்காந்திருக்கிற ஆன்ட்டிதான் ஸ்டியரிங். படகு திரும்பினா துடுப்பைச் சாய்ச்சுப் பிடிங்க, போதும்."

சுபத்ரா தலையை ஆட்டிக்கொண்டாள். படகு இன்னொரு வட்டம் போட்டது. ஷெர்வின் கைவிட்டுப் போய்விட்டான்.

செல்லியம்மாள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். பாப்பாவின் கொட்டகையில் தொங்கிய கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. வந்த நேரத்தில் பாதி சுற்றியே போய்விட்டது. திட்டு அதே தூரத்தில் இருந்தது. இன்றைக்கு விட்டால் இன்னொரு வீட்டுக்காரரிடம் இதைக் கேட்க முடியாது. எரிச்சலில் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"நிறுத்துங்கடி. ரெண்டு பேரும் நிறுத்துங்க."

படகு மெதுவாக ஆடி நின்றது.

"நாம இன்னா ஆளாளுக்குத் தனியா வேல செய்றோம்? வரிசையில நிக்கும்போது இப்டியா நிப்போம்? சட்டி வர்றாப்ல நென்ச்சிக்கோ. நான் வாங்குன்னா தண்ணியில போடு. குடுன்னா பின்னால தள்ளு. முன்னியும் கூடாது, பின்னியும் கூடாது."

தளம் போடுகிற இடத்தில் சித்தாட்கள் வரிசையில் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றும்போது சொல்கிற சொற்கள் அவை. தாளம் தப்பினால் முப்பது கிலோ காலில் விழும். யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. ஒரு தடவை விரல் நசுங்கினால் தானாக வந்துவிடும்.

"வாங்கு," என்றாள்.

மூன்று துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின.

"குடு."

படகு முன்னால் பாய்ந்தது. ஹேமாவதி பின்னால் சாய்ந்து சுபத்ராவின் முழங்காலில் முட்டிக்கொண்டாள்.

"யம்மா! போவுதுடி!"

"பேசாத. வாங்கு… குடு. வாங்கு… குடு."

மூக்கு இடப்பக்கம் சாய்ந்தபோது சுபத்ரா துடுப்பைச் சாய்த்துப் பிடித்தாள். நேரானது. தண்ணீர் இரண்டு பக்கமும் சலசலவென்று கிழிந்து போனது. ஹேமாவதியின் முன்னால் ஒரு மடவை மீன் துள்ளிப் படகுக்கு மேலாகத் தாண்டி மறுபக்கம் விழுந்தது. அவள் போட்ட கத்தலில் கரையோரத்து நாரைகள் எழும்பிப் பறந்தன.

"கத்தறத அப்பறம் வச்சிக்க! வாங்கு!"

"யக்கா, மீனுக்கா! மூஞ்சிகிட்ட போச்சுக்கா!"

"குடு!"

மஞ்சள் படகு முன்னால் தெரிந்தது. ஷெர்வின் திரும்பிப் பார்த்தான். முதலில் சிரித்தான். அப்புறம் வேகமாகத் துடுப்பு போட்டான். அப்படியும் பத்தே தடவையில் அவனைப் பிடித்துவிட்டார்கள். "தம்பி, ரிலாக்ஸு," என்று சொல்லிக்கொண்டே ஹேமாவதி அவனைக் கடந்தாள். அவன் துடுப்பைத் தலைக்குமேல் தூக்கி விசிலடித்தான். "செம ஆன்ட்டி! செம!"

செல்லியம்மாளின் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. வேலையிலும் அப்படித்தான். ஆனால் வேலையில் இப்படிச் சிரிப்பு வந்ததில்லை. வாங்கு என்று சொல்லும்போதே சிரிப்பும் கூட வந்தது.

கோரைத் திட்டின் விளிம்பு கையெட்டும் தூரத்துக்கு வந்தது. காற்று முதுகில் பட ஆரம்பித்தது. அதே நேரம் பின்னால், வெகு தூரத்திலிருந்து, விசில் கேட்டது. நீளமாக ஒன்று. பிறகு சின்னதாக இரண்டு.

துடுப்புகள் நின்றன.

"விசிலு," என்றாள் ஹேமாவதி.

"கேட்டுச்சு."

"திரும்பலாமாக்கா? கவுறு கட்டி இஸ்துகினு போனா மேஸ்திரி ஆறு மாசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

செல்லியம்மாள் திட்டின் வளைவைப் பார்த்தாள். "அது வரிக்கும் எத்தினி சட்டி கீது?"

ஹேமாவதி கண்ணை இடுக்கி அளந்தாள். "முப்பது. முப்பத்தஞ்சு."

"முப்பது சட்டி பாக்கி கீறச்சொல பாதித் தளத்துல எறங்கிப் போயிடுவியா? நின்ன எடத்துல ஒட்டு வுழும். மழைக்கு ஒழுவும்."

"வாங்கு," என்று சுபத்ரா பின்னாலிருந்து சொன்னாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

போட்டார்கள். காற்றும் சேர்ந்து தள்ளியது. இருபத்தாறாவது இழுப்பில் திட்டு விலகியது.

மூன்று கட்டடம். சந்தன நிறம், கண்ணாடிப் பால்கனி, தண்ணீருக்கு எதிரே புல்தரை. மூன்றும் ஒரே அச்சு. வெயில் நேராக முகத்தில் அடித்து மினுங்கியது.

செல்லியம்மாள் இடப்பக்கக் கட்டடத்தைப் பார்த்தாள். பின்வாசலில் நுழைந்தால் இடது கைப் பக்கம் இருப்பதுதான் இவர்கள் கட்டியது. மாடி மாடியாகக் கண்ணை ஏற்றினாள். வழவழவென்று பளிச்சென்று இருந்தது. யாரோ கட்டியது மாதிரி இருந்தது.

"இதானாடி?"

"இதான் போல," என்றாள் ஹேமாவதி. அவள் குரலிலும் உற்சாகம் இல்லை. "பெயிண்ட் அடிச்சா எல்லாம் ஒன்னு போலத்தான் கீது."

படகு தானாக நகர்ந்தது. செல்லியம்மாளுக்குக் கை வலி அப்போதுதான் தெரிந்தது. இதற்காகவா பிரியாணியை விட்டோம் என்று நினைத்தாள். பின்னால் தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. பாப்பா கிளம்பிவிட்டாள்.

"யக்கா," என்றாள் சுபத்ரா. "நாம இப்ப முன்னால கீறோம். பின்னாலேர்ந்து பாத்தா பீச்சாங்கை. இங்கேர்ந்து சோத்துக் கை."

மூவரும் வலப்பக்கம் திரும்பினார்கள்.

"ஆறாவது மாடி. ரெண்டாவது ஜன்னலு. கறுப்பாத் தண்ணி எறங்கி கீது பாரு."

ஆறாவது மாடியின் இரண்டாவது ஜன்னல் சன்ஷேடு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஓர் அங்குலம். நாலு மழைக்காலத் தண்ணீரும் அந்த மூலையிலேயே வடிந்து, சுவரில் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. மற்ற ஜன்னல்கள் எதிலும் கோடு இல்லை.

அது போட்ட நாளில் மழை. முட்டுக்கொடுத்த கம்பு ஒன்று ஈரத்தில் வழுக்கி இறங்கியது. நிறுத்தவும் முடியாது. மூன்று பேரும் நனைந்துகொண்டே சட்டி கொடுத்தார்கள். இஞ்சினியர் வந்து காது கூசத் திட்டினார். பிறகு பூச்சில் சமாளித்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

"நம்மளுதுடி!" செல்லியம்மாள் துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். மூவரும் நனைந்தார்கள். "கோணல் நம்மளுது! நம்ம கோணலு!"

"பூச்சு பூசியும் மறைக்க முடில பாத்தியா!" ஹேமாவதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இஞ்சினியரு மூஞ்ச பாக்கணுமே! யக்கா, மேல பாரு, ஒம்போதாவது மாடி. என் செருப்பு அறுந்துச்சே, அந்த மாடி. பதினொன்னுல சுபத்ரா பொண்ணுக்குக் கொழந்த பொறந்துச்சுன்னு போன் வந்துச்சு."

"பத்துல," என்றாள் சுபத்ரா.

கோணல் சன்ஷேடுக்குப் பக்கத்துப் பால்கனியில் ஒரு பெண் வந்து நின்று துணி உலர்த்தினாள். கீழே படகில் கூச்சல் போடுகிற மூன்று பெண்களைக் கண்டு குனிந்து பார்த்தாள்.

செல்லியம்மாள் கையை வாயில் குவித்தாள். "யம்மா! மேல கோணலா கீதேன்னு பயப்படாத! கம்பி நல்லா கட்டி கீறோம்! வுழாது!"

அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்தாள்.

என்ஜின் படகு சீறிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. பாப்பாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. "விசிலு காதுல வுழல? செவுடா மூணு பேரும்? காத்த பாத்தியா? இன்னும் அர அவரு வுட்டா ரோட்டுப் பக்கம் போயி ஒதுங்கி இருப்பீங்க. புடி கவுற!"

கயிறு ஹேமாவதியின் மடியில் விழுந்தது. அவள் அதைக் கட்டவில்லை.

"ஒரு நிமிசம்க்கா. அந்தம்மாவாண்ட ஒரு வார்த்த சொல்லணும். யக்கா கத்துது, கேக்க மாட்டுது."

"எந்தம்மா?"

"அதோ. அந்த வூட்டக் கட்னது நாங்கதான்."

பாப்பா கட்டடத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷமாகத் தினமும் அவள் கண்ணில் படுகிற கட்டடம்தான். பிறகு செல்லியம்மாளைப் பார்த்தாள். மிதவைச் சட்டைக்குக் கீழே சிமெண்ட் கறை படிந்த ஆண்பிள்ளைச் சட்டை. குனிந்து என்ஜினை நிறுத்தினாள்.

"இதுக்குத்தான் வந்தியா? மொதல்லியே சொல்லி இருந்தா நானே இட்டாந்து காட்டி இருப்பனே. இன்னா சொல்லணும் அந்தம்மாவாண்ட?"

"கோணலா கீது, ஆனா கெட்டியா கீதுன்னு."

பாப்பா எழுந்து நின்று, மூச்சை இழுத்து, மார்க்கெட்டில் கடைசி கூடை மீனைக் கூவி விற்கிற குரலை எடுத்தாள்.

"யம்மோவ்! ஆறா… மாடி… அம்மோவ்! உன் வூட்டக் கட்னவங்க வந்து கீறாங்கோ! இவங்கதான்! சன்ஷேடு கோணலா இருந்தாலும் கெட்டியாக் கட்டி கீறாங்களாம்! பயப்படாம இருப்பியாம்!"

கழி முழுக்க அது போய் அடித்துத் திரும்பியது. பால்கனிப் பெண் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கூட ஒரு ஆளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடித் தடுப்பில் முகத்தைப் பதித்துக் கை ஆட்டின. அந்த ஆள் தலைக்கு மேலே அண்ணாந்து சன்ஷேடைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

செல்லியம்மாள் படகில் எழுந்து நின்றுவிட்டாள்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹேமாவதி அலறினாள், சுபத்ரா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒக்காரு! யக்கா, ஒக்காரு, கவுந்துடும்!" என்று பாப்பா கத்தினாள்.

செல்லியம்மாள் உட்காரவில்லை. காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையையும் ஆறாவது மாடியை நோக்கி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.