பிடி இருக்கா?

அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியின் கால்பக்கம் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. தலைப்பக்கம் இன்னும் கூடத்தில் இருந்தது. முன்னால் பிடித்திருந்த சவ வண்டிக்காரர் படிக்கட்டின் திருப்பத்தை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பின்னாலிருந்த தன் ஆளுக்குக் கண்ணைக் காட்ட, பெட்டி மறுபடியும் உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டது. போக மனமில்லாத விருந்தாளி மாதிரி.

"படுக்க வச்சு எறக்க முடியாதும்மா. திருப்பம் ரொம்பக் குறுகல்," என்றார் அவர் மகளிடம். "நிக்க வச்சிட்டா லிஃப்ட்லயே போயிடும். உள்ள பெல்ட் போட்டுருவோம். ஒண்ணும் ஆகாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. வந்தவர்களெல்லாம் கையைப் பிடித்து "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல, கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். இப்போது எழுந்தாள்.

"நிக்க வச்சா?"

"ஆமாம்மா, ரெண்டு நிமிஷம்தான்."

"காலம் பூரா ஊரார் சாமான எறக்கின மனுஷன் இவரு. ஒரு கண்ணாடி அலமாரியக்கூட சாய்க்காம கொண்டு போனவரு. அவர மூட்டை மாதிரி நிமித்தி எறக்குவீங்களா? படுத்தபடிதான் போகணும். இல்லேன்னா இங்கயே இருக்கட்டும்."

இங்கேயே இருக்கட்டும் என்றால் இருக்க வைத்துவிடக் கூடியவள்தான் அம்மா. வண்டிக்காரர் தன் ஆளோடு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

அப்பா வீடு மாற்றிக் கொடுக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. ஆனால் அவர் எதையும் தூக்கியதில்லை. பீரோவைச் சுமந்து படியிறங்கும் நாலு பேருக்கும் தங்கள் கால் தெரியாது, கண்ணுக்கு முன்னால் பீரோதான் தெரியும். அவர்களுக்குக் கீழே, முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே படியிறங்கியபடி ஒருவர் பேசிக்கொண்டே வரவேண்டும். அந்தப் பேச்சுதான் அப்பாவின் வேலை. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்க வீட்டுக்காரரப் பாத்துத்தான் சொல்லியிருப்பாங்க" என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு கறாரான விதி உண்டு. ஒரு படி மிச்சமிருந்தாலும் வந்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது. கேட்ட கை தன்னையறியாமல் தளர்ந்துவிடும். அப்புறம் பீரோவும் போகும், ஆளும் போவான். எனவே அப்பா யாருக்கும் ஆறுதலாகக்கூடப் பொய் சொன்னதில்லை. இது வீட்டில் எத்தனை பெரிய தொல்லை என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

மகளின் கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு அவள் இதே வாசலில் வந்து நின்றபோது, உறவுக்காரர்கள் எல்லோரும் "எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். அப்பா மட்டும் சொல்லவில்லை. "இன்னும் நிறைய மாடி இருக்கும்மா. எத்தனைன்னு எண்ணாத. கையில பிடி இருக்கா, காலுக்குக் கீழ தரை இருக்கா, அத மட்டும் பாரு" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன பீரோவாப்பா?"

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். "நீ பீரோ இல்லம்மா. தூக்குற ஆளு."

அன்றைக்கு அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் எழுந்து வேலை தேடிப் போனதும், அதற்கடுத்த நாள் போனதும், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கத்தான் இப்போது அவளுக்கு ஆசையாக இருந்தது.

"நாங்க எறக்குறோம் அக்கா," என்றது வாசலோரத்திலிருந்து ஒரு குரல். அப்பாவின் ஆட்கள். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் காலையிலிருந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். பேசியது நெட்டை. பக்கத்தில் நின்றது பூனை. பாரத்தோடு நடந்தாலும் காலடிச் சத்தம் கேட்காது என்பதால் வந்த பெயர். இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது.

யாரும் சொல்லாமலே இடம் பிடித்தார்கள். உயரமான நெட்டை கீழ்ப்பக்கம், அவரோடு பூனை. மற்ற இருவரும் தலைப்பக்கம். தூக்கினார்கள். தூக்கிவிட்டு அப்படியே நின்றார்கள். படிக்கட்டில் அவர்களுக்குக் கீழே ஒருவர் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நான் சொல்றேன் மாமா," என்று மகளின் அண்ணன் அங்கே போய் நின்றான்.

அண்ணனுக்குத் துணிக்கடையில் வேலை. யார் எந்த நிறத்தை எடுத்தாலும் "உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, நல்ல வார்த்தை அவன் நாக்கில் தானாக ஊறும். தங்கமான பிள்ளை. மகள் அவனுக்கும் கீழே நின்று வழியில் கிடந்த செருப்புகளை ஒதுக்கினாள்.

முதல் வரிசைப் படிகள் ஒழுங்காகவே போயின. திருப்பத்தை நெருங்கும்போது பூனைக்கு மூச்சு வாங்கியது. அவர் முகத்தைப் பார்த்த அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"அவ்வளவுதான் மாமா! வந்துட்டோம், வந்துட்டோம்!"

இன்னும் ஒரு படி இருந்தது.

தரை என்று நம்பிப் பூனை வைத்த கால் காற்றில் இறங்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. நெட்டை "ஹே" என்று கத்திக்கொண்டு நெஞ்சை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். மேலே அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியின் மூலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் வண்டிக்காரர் மேலிருந்து. "நிமித்துங்க, நிமித்துங்க!"

ஆளுக்கு ஆள் நாட்டாமை ஆனார்கள். இடப்பக்கம் என்றார் ஒருவர், வலப்பக்கம் என்றார் இன்னொருவர். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு பேரின் முகமும் வெளுத்துப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நிமிர்த்தத்தான் வேண்டியிருக்கும், அல்லது விழத்தான் விடுவார்கள்.

அவள் அண்ணனின் தோளைத் தொட்டு விலக்கினாள்.

"யாரும் பேசாதீங்க."

பேச்சு நின்றது. அவளே எதிர்பார்க்கவில்லை.

"நெட்டை மாமா. பிடி இருக்கா?"

"இருக்கு."

"பூனை மாமா?"

"வழுக்குதும்மா."

"சரி. மேல இருக்கறவங்க பாரத்த வாங்கிக்கோங்க. பூனை மாமா, ஒரு கைய எடுத்து சட்டையில தொடைங்க. அவசரமில்ல. இப்ப அடுத்த கை. பிடி இருக்கா?"

"இருக்கு."

"கீழ பாக்காதீங்க. என்னப் பாருங்க. இன்னும் ஒரு படி இருக்கு, அப்புறம்தான் தரை. திருப்பம் முடிஞ்சாலும் நிறைய இருக்கு. பாதிகூட வரல."

பாதிகூட வரவில்லை என்று கேட்டதும் வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாலு பேரின் தோள்களும் சட்டென்று தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. பழக்கமான கணக்கு அது. எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிட்டால் அதைச் சுமந்துவிடுவார்கள். பூனையின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது.

"ஒரு படி. தரை. நில்லுங்க. கால்பக்கம் படிக்கட்டுக் கைப்பிடிக்கு மேல வரணும். தூக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். தலைப்பக்கம் அப்படியே நிக்கட்டும். இப்ப நெட்டை மாமா மட்டும் என் பக்கம் நடந்து வாங்க. மெதுவா. சுவரு கிட்ட இருக்கு, ஆனா இடிக்காது. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பெட்டி கைப்பிடிக்கு மேலே மிதந்து, மூக்கைத் திருப்பி, அடுத்த வரிசைக்கு நேராக வந்து நின்றது. மேலிருந்து யாரோ கைதட்டப் போய், இழவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

மகள் பின்பக்கமாகவே இறங்கினாள். குதிகாலால் ஒவ்வொரு படியையும் தேடி, கிடைத்ததும் சொன்னாள். அப்பாவின் குரல் கனமானது, இழுத்து இழுத்து வரும். இது அவளுடைய குரல்தான், மெலிசு. அது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கீழ் மாடியில் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்த பெண்மணியிடம், "அக்கா, கதவ மூடிக்கோங்க, எங்களுக்கு அந்த அகலம் வேணும்" என்றாள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த திருப்பத்தில் இருந்த பூந்தொட்டியை அண்ணன் அவள் சொல்வதற்கு முன்பே எடுத்துக்கொண்டு ஓடினான். அங்கே பெட்டி சிணுங்காமல் திரும்பியது. அதற்கடுத்ததில் பெட்டி வருவதற்கு முன்பே அவள் இடத்தை அளந்துவிட்டிருந்தாள். அழுகை வந்ததுதான். வரட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று பேசிக்கொண்டே போனாள்.

"கடைசி வரிசை. இன்னும் முடியல. பிடி இருக்கா?"

"இருக்கு!" என்றார்கள் நாலு பேரும் ஒன்றாக. வேலைக்காரர்கள் போடும் சத்தம்.

தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பெட்டி வண்டித் தளத்தின் இரும்புச் சட்டங்களில் ஏறி உள்ளே சரிந்து, அசையாமல் படுத்தது. அதற்குப் பிறகுதான் அவள், "இப்ப விடலாம்" என்றாள். பூனை கைகளை உதறிக்கொண்டார். நெட்டை அவள் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் இன்னமும் பூந்தொட்டியை இடுப்பில் வைத்தபடியே நின்று அழுதான்.

கடைசியாக அம்மா வந்தாள். கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்க, எல்லாப் படிகளையும் இறங்கி வந்தாள். நேராக மகளிடம் வந்து நின்றாள்.

"எங்கயாவது இடிச்சுதா?"

"எங்கயும் இடிக்கலம்மா."

"திருப்பத்துல?"

"ஒரு கீறல்கூட இல்ல."

அம்மா நம்பிவிடவில்லை. வண்டிக்குள் குனிந்து பெட்டியின் மூலைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எட்டாத மூலைக்கு வண்டியைச் சுற்றிப் போய், பக்கக் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். வண்டிக்காரர் மறு பேச்சுப் பேசாமல் திறந்துவிட்டார். தெரு முழுக்கக் காத்திருந்தது. பிறகு அம்மா நிமிர்ந்து, தோளை விரித்து, அந்த நாலு பேரையும் மகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, வண்டிக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்.

"எடுங்க வண்டிய."