முதுகு காட்டி நின்ற இரண்டு ஃபிரிட்ஜ்கள்

எங்கள் சமையலறைக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தது. கொத்தனார் கட்டியதல்ல, நானும் என் ஓர்ப்படியும் சேர்ந்து கட்டியது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். இரண்டு ஃபிரிட்ஜ்கள், முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று அவள் பக்கம் பார்த்தும் ஒன்று என் பக்கம் பார்த்தும் நிற்கும். அந்தப் பக்கம் அவள் அடுப்பு, இந்தப் பக்கம் என் அடுப்பு. ஒருத்தி என்ன எடுக்கிறாள் என்று இன்னொருத்திக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எடுப்பது முட்டையா தண்ணீரா என்று நான் சொல்லிவிடுவேன். வேலை வெட்டி இல்லாதவளுக்கு இப்படி ஏதாவது ஒரு வித்தை கைவந்துவிடும்.

முதலில் ஒரே ஃபிரிட்ஜ்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது. என் ஓர்ப்படி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, அதைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுக்க வந்தோம் என்று நிதானமாக யோசிப்பாள். குளிரெல்லாம் என் காலில் வந்து விழும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "நின்னு வேடிக்கை பாக்க இது என்ன ஜன்னலா?" என்று கேட்டேன். கேட்டதில் தப்பில்லை. கேட்ட தொனி கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். "உங்க ஃபிரிட்ஜை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று கதவை அறைந்து சாத்தினாள். கொஞ்ச நாளில் தவணையில் புதுசு வந்து இறங்கியது. என்னுடையதைவிட ஒரு சாண் உயரம். வேண்டுமென்றேதான் பார்த்து வாங்கியிருக்கிறாள்.

அதோடு நின்றதா? துணி துவைக்கும் மெஷின் இரண்டானது. வெந்நீர் ஹீட்டர் இரண்டானது. டிவியும் இரண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் அதே தொடரைத்தான் அவள் தன் அறையில் பார்ப்பாள், நான் என் அறையில் பார்ப்பேன். ஒரே கதாநாயகி ஒரே வீட்டில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அழுவாள். அவள் டிவியில் அழுகை சத்தமாகக் கேட்டால் நான் என் டிவியில் அழுகையைக் கூட்டுவேன்.

ஆனால் வீட்டுக்கு மீட்டர் ஒன்றுதான். மாமனார் பேரில் இருந்தது. வரும் பில்லை அவர் சரிபாதியாகப் பிரித்து இரண்டு மகன்களிடமும் வசூல் செய்வார். அங்கேதான் வந்தது வினை. அவள் ஹீட்டரைப் போட்டால் அதில் பாதி என் காசு. என் காசில் அவள் வெந்நீரில் குளிப்பாளாம், நான் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டுமாம். நானும் போடுவேன். அவளுக்கும் இதே நியாயம்தான். அதனால் வெயில் கொளுத்தும் மாதத்திலும் எங்கள் வீட்டில் இரண்டு ஹீட்டரும் ஓடின. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீடு ரெண்டுபட்டதில் கொண்டாட்டம் மின்சார ஆபீசுக்கு.

பில் வரும் நாளில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. "அவங்க மெஷின்தான் நாள் பூரா ஓடுது" என்பாள் அவள். "ரெண்டு ஆள் துணிக்கு ரெண்டு தரம் மெஷின் போடுறது யாருன்னு கேளுங்க" என்பேன் நான். ஆண்கள் இரண்டு பேரும் செய்தித்தாளின் ஆளுக்கொரு பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு நாள்தான் மாமனார் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இதுக்கு மேல என்னால பஞ்சாயத்து பண்ண முடியாது. இன்னும் ரெண்டு பில் பாப்பேன். பாதியா குறையலைன்னா வீட்டை வித்துப் பங்கு போட்டுக் குடுத்துர்றேன். நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். நீங்க அவங்கவங்க வழியைப் பாத்துக்குங்க."

"சனியன் விட்டுச்சு" என்று வெளியே சொன்னேன். உள்ளே அப்படி இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தனிக்குடித்தனம் போனால் நான் யாரோடு சண்டை போடுவேன்? பையன் வெளியூரில் படிக்கிறான். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் நாளெல்லாம் எழுத்துகளோடு புழங்கிவிட்டு, வாயில் இருந்த சொல்லையும் அங்கேயே செலவழித்துவிட்டு வருகிறவர். "சாப்பாடு", "சரி", "தூக்கம்" என்று மூன்றே சொல்லில் ஒரு நாளை முடித்துவிடுவார். அவரோடு சண்டை போடுவது தலையணையோடு மல்லுக்கு நிற்பதுபோல. அவளாவது, பல் கிளினிக்கில் நாளெல்லாம் சிரித்துப் பேசி டோக்கன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், எனக்கென்று கொஞ்சம் கோபத்தை மிச்சம் வைத்திருப்பாள். சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் கேட்டால்தான் எனக்கு உடம்பில் ரத்தம் ஓடும்.

வீட்டைக் காப்பாற்றக் கொழுந்தனார் தன் சிநேகிதன் ஒருவனைக் கூட்டிவந்தார். வீடு வீடாகப் போய் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது அவன் தொழில். எல்லோரும் அவனை 'மீட்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேஸ் முற்றிப்போனபிறகு வந்திருக்கிறீர்களே என்று சொல்லும் டாக்டர்போல உச்சுக் கொட்டினான். ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கதவிடுக்கில் பிடித்து, அது ஆடுவதைக் காட்டி, "பாத்தீங்களா, காசு பறக்குது" என்றான்.

பிறகென்ன, மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தான். வெயில் படும் ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டான். கதவுகளுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினான். மாமனார் இருமினால் அந்த இருமல்கூட வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. பல்பு எல்லாவற்றையும் மாற்றினான். சமையலறைப் பக்கம் அவன் திரும்பியபோது மட்டும், "அங்க ஒண்ணும் இல்ல தம்பி" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. ஒன்று என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கருத்தைச் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது.

அடுத்த பில் வந்தது. குறைந்திருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கிள்ளிப் போட்ட அளவுக்குக் குறைந்திருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார் மாமனார். இன்னும் ஒரு பில் பாக்கி இருந்தும் மறுநாளே ஒரு தரகரைக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் என் சமையலறை வாசலில் நின்று, "அடடா, ரெண்டு குடும்பம் இருக்கிற மாதிரி முன்னாலயே பிரிச்சு வச்சிருக்கீங்களே, வாங்குறவங்களுக்குச் செலவு மிச்சம்" என்று பாராட்டினான். நான் அங்கே நின்றிருந்தது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ. என் சட்டி பானையையெல்லாம் அவன் கண்ணாலேயே அப்புறப்படுத்தினான்.

இந்த முறை மீட்டரை நானே கூப்பிட்டனுப்பினேன். "சமையலறையையும் பாரு தம்பி" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து மறுப்பு ஏதும் வரவில்லை.

அவன் இரண்டு ஃபிரிட்ஜ்களுக்கும் நடுவில் இருந்த விரற்கடை இடைவெளியில் கையை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்தான். "நீங்களே தொட்டுப் பாருங்க" என்றான். இந்தப் பக்கத்திலிருந்து நான் கையை நுழைத்தேன், அந்தப் பக்கத்திலிருந்து அவள். உள்ளே அடுப்பங்கரைச் சூடு. என் விரல் எதன்மேலோ பட்டது. அவள் விரல். இரண்டு பேரும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டோம்.

"ஃபிரிட்ஜுங்கிறது உள்ள இருக்கிற சூட்டை எடுத்து முதுகு வழியா வெளிய விடும்" என்று விளக்கினான் மீட்டர். "இது விடுறதை அது வாங்கிக்குது. அது விடுறதை இது வாங்கிக்குது. ரெண்டுக்கும் மூச்சு விட இடமில்லை. அதான் ஓயாம ஓடுதுங்க. உள்ள இருக்கிற பொருளைக் குளிர வைக்கிறதைவிட ஒண்ணையொண்ணு சூடேத்திக்கிறதுதான் இங்க அதிகம்."

"யாரைச் சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார் மாமனார்.

"ஃபிரிட்ஜைத்தாங்க" என்றான் அவன், பாவம்.

ஒன்று போயாக வேண்டும் என்று தீர்ப்பானது. எது? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று மாமனார் முனகிக்கொண்டிருக்க, மீட்டர் ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தான். அவள் ஃபிரிட்ஜ் காகிதத்தை விடவே இல்லை. என்னுடையதில் அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. கதவு ரப்பர் செத்துவிட்டதாம். குளிரைத் தெருவுக்கு வார்த்துக்கொண்டிருந்தது நான்தானாம், இத்தனை வருஷமாக. அவள் கண்ணில் சிரிப்பு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்திருந்தால் அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய சாமான் வாங்குகிறவன் வந்து என் ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் சாய்த்துக்கொண்டு போனான். வாசல்வரை போய்ப் பார்த்தேன். "விடு. அது போகலைன்னா வீடு போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கணக்குக்கு அது ஒரு மேடைப் பேச்சு.

மறுநாள் என் சாமான்களை ஒரு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு, அகதிபோல அவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். எப்படியும் எனக்குக் கடைசித் தட்டைத்தான் தள்ளுவாள், காய்கறித் தொட்டிக்கு மேலே, எட்டாத குழியில். திறந்து பார்த்தால் நடுத்தட்டு துடைத்துக் காலியாக இருந்தது.

"நீங்க இதை வச்சுக்குங்கக்கா. குனிய வேணாம். உங்களுக்கு முட்டி வலி இருக்கில்ல."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"கீழ்த் தொட்டியை இழுக்கும்போதெல்லாம் முனகுவீங்களே. இந்தப் பக்கம் நல்லாக் கேக்கும்."

பாலை உள்ளே வைத்தேன். குனியவே வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக ஒன்றானது. ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டால் ஹீட்டரை ஒரு தரம் போட்டால் போதும் என்று மீட்டர் சொன்னான். வரிசை போட்டுக் குளித்தோம். எல்லார் துணியும் ஒரே மெஷினில் சுற்றியது. கொழுந்தனாரின் காலுறையும் என் புடவையும் பின்னிக்கொண்டு வந்தன, அவளும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிரித்தோம். தொடரை ஒரே டிவியில் பார்த்தோம். கதாநாயகி ஒரு தரம் அழுதால் போதுமென்று ஆயிற்று. அவள் அழுதபோது நாங்கள் இரண்டு பேரும் அவளைத் திட்டினோம். சேர்ந்து திட்டுவதில் இருக்கும் சுகம் தனியாகத் திட்டுவதில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு என் ஓர்ப்படியைப் பிடித்துவிட்டது. இதை எப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் அதுதான் விஷயம்.

அடுத்த பில் பாதிக்கும் கீழே வந்தது. மாமனார் அதை நடைப்பயிற்சிக்கு எடுத்துப் போய் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். தரகருக்குப் போன் போட்டு, வீடு விற்பதற்கில்லை என்று நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், அவளும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். இப்போது அங்கே கால் நீட்டி உட்கார இடம் இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நாங்க தனியாப் போகலாம்னு இருக்கோம். கிளினிக் பக்கத்துலயே வீடு பாத்தாச்சு."

என் கத்தி நின்றது. "ஏன்? நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"ஐயோ, நீங்க ஒண்ணும் சொல்லல. அதனாலதான்க்கா." அவள் சிரித்தாள். "எனக்கு ரொம்ப நாளாவே போகணும்னுதான் இருந்துச்சு. ஆனா சண்டை இருக்கும்போது போனா என்ன பேசுவாங்க? மூத்தவ துரத்திட்டான்னு பேசுவாங்க. நீங்களும் ஜெயிச்சுட்டோம்னு நினைப்பீங்க. அந்த ஒரு வீம்புக்காகவே பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இப்பத்தான் நல்லா இருக்கோமே. இனிமே நிம்மதியாப் போகலாம்."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டோம். பில் இன்னும் குறையும்னு சந்தோஷப்பட்டாரு."

ஆக, இத்தனை வருஷம் அவளை இந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது என் வாய்தான். அதை நான்தான் என் கையாலேயே அடைத்தேன், கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுவதுபோல. சரி, அடைத்த வாயைத் திறப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? எனக்குத் தெரியாத வித்தையா?

"இதென்ன பீன்ஸ் நறுக்குற லட்சணம்?" என்றேன், பழைய குரலில். "ஒவ்வொண்ணும் ஒரு முழம் நீளம். மாட்டுக்கா போடப் போறோம்? உங்கம்மா உனக்கு ஒரு கத்தி பிடிக்கக்கூடவா சொல்லித் தரல?"

அவள் மூக்கு விடைத்தது. அந்த மூக்கை எனக்குத் தெரியும். அடுத்து கத்தியை வீசுவாள், தட்டை எத்துவாள், என் வம்சத்தை இழுப்பாள். எனக்கு உயிர் வந்தது. இழுக்கட்டும். மேலும் ஒரு பங்கு எண்ணெய் ஊற்றலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்ன தெரிந்ததோ, மூக்கு மெல்ல அடங்கியது.

"சரிக்கா, பொடிசாவே நறுக்குறேன்" என்றாள்.

குனிந்து, நான் சொன்னபடியே, சின்னச் சின்னதாக நறுக்க ஆரம்பித்தாள். திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.