ஆள் அறிந்த குழம்பு

நெய்வேலி நகரியத்தின் பதினெட்டாம் பிளாக்கில் மலர்கொடி ஃப்ரீசரில் உறைய வைத்த குழம்பு, அதைச் சாப்பிடப்போகிறவர்களுக்குத் தகுந்தபடி தானாகவே கூடும், தானாகவே குறையும். 2010 பொங்கலுக்குப் பண்ருட்டியில் வாங்கிய சாதாரண ஃப்ரிட்ஜ்தான் அது. மலர்கொடிக்கு வடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கணவன் செங்குட்டுவனுக்கு நிலக்கரி மைன்ஸில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட். மகள் வெண்மதி பள்ளிக்கூடத்தில் படித்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று, காரக்குழம்பும் பருப்பும் கோழிக்குழம்பும் வைத்து, ஆறவிட்டு, ஐஸ்கிரீம் டப்பாக்களில் மூன்று பேருக்கு அளந்து ஊற்றி அடுக்கிவிடுவாள். ஒரு புதன்கிழமை டப்பாவைத் திறந்தபோது இரண்டு பேருக்குத்தான் இருந்தது. அன்றைக்கு வாலிபால் போட்டிக்குப் போன வெண்மதி கடலூரிலேயே தங்கிவிட்டாள். ரிப்பேர்காரர் சிங்காரவேல் வந்து பார்த்துவிட்டு, கேஸும் கம்ப்ரசரும் நன்றாக இருப்பதாகவும், குழம்பு தன் வேலையில் சேராது என்றும் சொல்லிப் போனார்.

அந்த வருஷமே பங்குனியில் ஒருநாள் டப்பாக்கள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றன. ஏதோ விசேஷம் வரப்போகிறதென்று மலர்கொடி சந்தோஷப்பட்டாள். இரண்டு நாளில் மாமனார் கொளஞ்சியப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் விழுந்து இறந்தார். அடுப்பு எரியக்கூடாத வீட்டில் வந்து நின்ற சனத்துக்கெல்லாம் அந்தக் குழம்புதான் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

2011 டிசம்பர் கடைசி வாரம், திங்கள்கிழமை காலையில் ஃப்ரீசர் கதவு மூடவில்லை. டப்பாக்கள் வெடித்து, குழம்பு கருஞ்சிவப்புப் பாறையாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மாமனார் சாவுக்குப் பொங்கியது இதற்குப் பக்கத்தில் நிற்காது. மலர்கொடி ஒரு பெரிய கட்டியை உடைத்துத் தெரு நாய்களுக்குப் போட்டாள். திரும்பி வருவதற்குள் அந்த இடம் நிறைந்திருந்தது. கதவைக் கொடிக்கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ரத்தம் எடுக்கும்போது நரம்பு தவறி ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. இத்தனை சனம் ஒரு வீட்டுக்கு வேறு எதற்கு வரும்?

வியாழக்கிழமை சாயங்காலம் செங்குட்டுவன் நைட் ஷிஃப்டுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்குப் போவாதீங்க. லீவு போடுங்க.”

“புயல்னு எல்லாரும் லீவு போட்டா மெஷினை யாரு பாக்கறது? இன்னாத்துக்கு இப்பிடி பயந்துகினு கெடக்குற?”

அவள் கயிற்றை அவிழ்த்துக் காட்டினாள். அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அப்பனின் சாவுக்குப் பரிமாறியவன் அவன்தான்.

“எனக்குன்னு ஏன் நெனைக்கிற?” என்றான், குரல் இறங்கி.

“வேற யாருக்குன்னு நெனைக்கச் சொல்றீங்க? வெண்மதிக்கா?”

மகளை வெளியே விடாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்தது. நகரியத்து மரங்கள் சாலைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. ஊருக்கெல்லாம் கரண்டு தயாரிக்கும் ஊரில் கரண்டு இல்லை, போன் இல்லை. செங்குட்டுவன் வரவில்லை. அவனோடு வேலை பார்க்கும் ராஜேந்திரன் கதவைத் தட்டி, “காலைல எங்களோடதான் வெளிய வந்தாருங்க. இன்னும் வூட்டுக்கு வரலியா?” என்று கேட்டபோது மலர்கொடி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளி போயிற்று. கரண்டே இல்லாத ஃப்ரீசரில் ஒரு சொட்டுக்கூட உருகாமல் குழம்பு கல்லாக இறுகிக் காத்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

சனிக்கிழமை பிற்பகல், தெருமுனையில் விழுந்து கிடந்த வேப்பமரத்தைத் தாண்டி ஒரு கூட்டம் வந்தது. பெண்கள் தலை விரிந்து கிடந்தது. ஆண்கள் தோளில் துண்டு இல்லை. எல்லாம் செங்குட்டுவனின் குள்ளஞ்சாவடிப் பக்கத்துச் சொந்தபந்தங்கள். யாரும் பேசாமல் இந்த வீட்டைப் பார்த்தே நடந்து வந்தார்கள். மலர்கொடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் நடக்க முடியாத ஒரு கிழவியை முதுகில் சுமந்துகொண்டு செங்குட்டுவன் வந்தான்.

“முந்திரித்தோப்பு மொத்தமும் போச்சு,” என்றான். “ஒரு வூட்டுலயும் கூரை இல்ல. தங்கச்சி எப்பிடி இருக்குதோன்னு ஷிஃப்ட் வுட்டதும் அப்பிடியே போயிட்டேன். ரோடு முழுக்க மரம், திரும்ப முடியல. எல்லாரையும் கூட்டிகினு வந்துட்டேன் மலரு. சோத்துக்கு இன்னா பண்ணப்போறோம்?”

மலர்கொடி எழுந்து அவன் நெஞ்சில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு உள்ளே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ்களிலிருந்து அரிசியும் அண்டாவும் வந்தன. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களும் எல்லாரும் சாப்பிட்டார்கள். எடுக்க எடுக்க அடுத்த வேளைக்கு இருந்தது. யாரும் அது எங்கிருந்து வருகிறதென்று கேட்கவில்லை, பசித்திருந்தார்கள்.

தார்ப்பாயும் கீற்றும் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பியது. குழம்பும் அதற்கேற்ப இறங்கியது. கடைசியில் செங்குட்டுவனின் தங்கை பாப்பா மட்டும் இருந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளையில்லாதவள். வீடு இருந்த இடத்தில் அவளுக்கு ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

“நாளைக்கு நானும் கெளம்பறேன் அண்ணி. எத்தினி நாளைக்கு உங்களுக்குப் பாரமா இருக்கறது?” என்று பையில் துணியை அடுக்கினாள்.

மலர்கொடி, முதல் நாள் வழக்கம்போல மூன்று பேருக்கு அளந்து வைத்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாப்பாவின் முன்னால் திறந்து வைத்தாள். எல்லாவற்றிலும் நான்கு பேருக்கு இருந்தது. பாப்பா வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்த புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். செங்குட்டுவன் அன்று ஷிஃப்ட் முடிந்து வரும்போது புதிதாக ஒரு கோரைப்பாய் வாங்கிவந்தான்.