சந்தனம் இல்லாத மொட்டை

திருப்பதியில் தினமும் ஆயிரக்கணக்கான தலைகள் மொட்டையாகின்றன. அத்தனை தலையையும் பார்த்து, இதற்கு ஒரு பிராடக்ட் செய்யலாமே என்று யோசித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஏன் யோசிக்கவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதற்குப் புத்தி வேண்டும். என்னிடம் இருந்தது ஐடியா மட்டும்.

நான் யஸ்வந்த். பி.ஃபார்ம் படித்துவிட்டு, சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் பேக்டரி லேபில் கூழில் புளிப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கிய மொட்டை ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து சுகமாகத் தூங்கினார். இறங்கும்போது என் வெள்ளைச் சட்டையில் பாதி சந்தனம். வேறு யாராவது என்றால் சட்டையைத் துவைத்திருப்பார்கள். நான் வேலையை விட்டேன்.

கத்தாழை, வெட்டிவேர், கொஞ்சம் புதினா. தண்ணீர் மாதிரி ஒரு ஜெல். மொட்டைத் தலையில் பூசினால் ஜில்லென்று இருக்கும், எரிச்சல் அடங்கும், சட்டையில் ஒட்டாது. 'சீதளம்' என்று பெயர் வைத்தேன். 'பூசியது தெரியவே தெரியாது' என்று பாட்டிலில் பெரிய எழுத்தில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய வாசகங்களிலேயே மிகவும் பெருமைப்பட்டது அதுதான். பிறகு அடிவாங்கியதும் அதனால்தான்.

திருப்பதியில் சனிக்கிழமைதோறும் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வகுப்பு. சலீம் சார் நடத்துவார். அவர் சொன்னதில் ஒன்று என் மனதில் ஆணி அடித்தது போல நின்றது. "டெஸ்ட் பண்றப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது. கஸ்டமர் மூஞ்சிய மட்டும் பாரு. மூஞ்சி பொய் சொல்லாது." இதை நான் கடைப்பிடித்த அளவுக்கு அவருடைய எந்த மாணவனும் கடைப்பிடித்திருக்க மாட்டான்.

ஜெல் காய்ச்ச இடம் வேண்டும். நாராயணவனம் தாண்டி எங்கள் ஊரில், தோப்பு ஓரமாக எங்கள் மாங்காய்க் கொட்டாய் இருக்கிறது. சீசன் இல்லாத மாதங்களில் அதில் எலிதான் குடித்தனம். அதை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. நைனாவிடம், அதாவது அப்பாவிடம், கேட்டேன்.

"கொட்டாயில தலைக்குத் தடவற தண்ணி காச்சப் போறியா? சீசன்ல மாங்காய எங்கடா கொட்டறது, ஒன் தலையிலயா?" என்றார்.

என் நைனா சிட்டிபாபுவுக்குக் கோபம் வந்தால் உடனே போய்விடும், சந்தேகம் வந்தால் போகாது. ஒரு வாரம் நான் சாப்பிடாமல் முரண்டு பிடித்த பிறகு ஒரு வழிக்கு வந்தார். "ஊர்ல நாலு பேரு பாத்து நல்லாகீதுன்னு சொல்லட்டும், கொட்டாய எடுத்துக்கோ. இல்லன்னா வாய மூடிக்கினு பழைய வேலைக்குப் போ."

அந்த மாதமே திருப்பதியில் அவருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். அம்மாவும் நானும் கூடப் போனோம். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் கழற்றிக் கொடுத்த வாட்சை என் கையில் கட்டிக்கொண்டேன், அவர் செல்போனை என் பையில் போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் அவரையும் அம்மாவையும் திருப்பதியிலேயே இருக்கும் கீர்த்தி அக்கா வீட்டில் விட்டுவிட்டு, போனையும் வாட்சையும் கொடுக்க மறந்து, யாரிடமும் சொல்லாமல் மலைக்கு பஸ் ஏறினேன். சொன்னால் அது டெஸ்ட் ஆகுமா?

மறுநாள் காலையில் மொட்டை, மீசையும் சேர்த்து. வெளியே வந்ததும் சந்தனக்காரர் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "அதெல்லாம் பழைய டெக்னாலஜி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்றைக்குத்தான் அர்த்தம் புரிகிறது. சீதளத்தை எடுத்து மண்டை முழுக்கப் பூசினேன். ஜில்லென்று இருந்தது. சாமியையும் கும்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசினார், சில்லறை கேட்கவில்லை. ஒரு அம்மா எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள். பளபளப்பான தலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். எதிரிலேயே லட்சுமம்மாவின் இட்லிக் கடை. லட்சுமம்மா என் தலையைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது, வாயில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் "வாப்பா, இட்லி துன்னுட்டுப் போ" என்பவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சே வராத அளவுக்குப் பிரமிப்பு என்று மனதில் குறித்துக்கொண்டேன். நானும் பேசவில்லை. முகத்தை மட்டும் பார்த்தேன்.

தெருவில் நடந்தேன். எதிரே வந்த ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். என் தலையைப் பார்த்ததும் அவர்களுக்கும் தலையில் காற்று வாங்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொட்டாய் கிடைத்துவிட்டது, அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்பதுதான் பாக்கி என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுப் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பதற்குள் வாசலில் கூட்டம். லட்சுமம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு எத்திராஜ் சித்தப்பா வந்தார். நைனாவின் தம்பி. வந்த வேகத்தில் என் சட்டையைப் பிடித்தார்.

"எங்க அண்ணன டவுன்லயே எரிச்சிட்டு வந்துட்டியாடா? ஊரு இல்லியா? நாங்க இல்லியா? மொகத்தக்கூட காட்டலியேடா, பாவி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் மொட்டைக்கு இரண்டே அர்த்தம். சந்தனம் பூசியிருந்தால் மலைக்குப் போய் வந்தவன். வெறும் மொட்டையாக வந்து நின்றால், பெற்றவர்களுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்தவன். பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது, பிராடக்ட் செய்ய ஆரம்பிக்கும் வரை. ஆஸ்பத்திரிக்குப் போன அப்பனோடு போனவன், வெறும் மொட்டையும் அப்பன் வாட்சுமாகத் தனியாக வந்தால் ஊர் வேறென்ன நினைக்கும்?

"நைனா உயிரோட கீறாரு சித்தப்பா!" என்றேன்.

"அப்ப இந்த மொட்ட?"

"இது டெஸ்ட்டு."

யாரும் நம்பவில்லை. என்னையே நான் நம்பியிருக்க மாட்டேன். சித்தப்பா தன் போனில் நைனா நம்பரை அடித்தார். என் பைக்குள் மணி அடித்தது. லட்சுமம்மாவின் அழுகை ஒரு கட்டை ஏறியது.

பதறிப்போய் கீர்த்தி அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு நைனா திரையில் வந்தார். "இன்னாடா, ஊரே செல்லுக்குள்ள கீது?" என்றார். சித்தப்பா போனை என்னிடமிருந்து பிடுங்கி, "அண்ணா, அண்ணா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து தேம்பினார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சேதி கேட்ட நைனா, அம்மா தடுக்கத் தடுக்க, சாயங்காலமே அம்மாவோடு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். சாவுக்கு வந்த கூட்டம் கலையாமல் இருந்து செத்தவரை வரவேற்றது. யார் யார் அழுதார்கள் என்று விசாரித்தார். அழாதவர்கள் பெயரைச் சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஊரில் நாலு பேர் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு சித்தூர் போய் பழைய மேனேஜர் காலில் விழுவது என்று முடிவு செய்தேன்.

எல்லாரும் போன பிறகு நைனா கூப்பிட்டார். "அந்த பாட்டில எடுத்துக்கினு வா."

கொடுத்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்த்தார். "மத்தியான வெயில்ல வந்தியே, தல எரியலியா?"

"இல்ல நைனா. ஜில்லுனுதான் கீது."

பாட்டிலை மூடி வைத்தார். பிறகு சாதாரணமாக, மாங்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்வது போலச் சொன்னார். "ஒரு பாட்டில் எடுத்து வெய்யி. நெஜமாவே நான் போற அன்னிக்கி மொட்ட அடிப்பே. சந்தனம் பூசக்கூடாது. நாள் பூரா வெயில்ல நிக்கணும். தல எரியுமில்ல."

சலீம் சார் இதற்கெல்லாம் வகுப்பு எடுக்கவில்லை. வாயில் வந்தது, லேபிளில் நானே அச்சடித்திருந்ததுதான்.

"ரெண்டு வருஷந்தான் நைனா தாங்கும். அப்புறம் கெட்டுப் போயிடும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"கெட்டுப் போச்சின்னா புதுசா செஞ்சி வெய்யி. நான் இன்னும் ரொம்ப நாளு இருப்பேன்" என்றார் நைனா. "கொட்டாயில ஒரு ஓரமா எடம் வுடறேன். மாங்கா மேல மட்டும் கொட்டிடாத."