கழுவாத கை

பணிமனையின் பின்பக்கக் குழாயடியில் அவன் முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தான். மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் கையைப் பேருக்கு நனைத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவன் மட்டும் தகர டப்பாவிலிருந்து அந்தச் சொரசொரப்பான சோப்புத்தூளை அள்ளி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஓரிடம் விடாமல் தேய்ப்பான். பேருந்து இன்ஜினின் கறுப்பு எண்ணெய் லேசில் போகாது. கை எரியும். எரிந்தால்தான் சுத்தமாகிறது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"டாக்டர் ஆபரேஷனுக்கு ரெடியாயிட்டாரு, வழி விடுங்கப்பா," என்றார் ஃபோர்மேன். பணிமனையில் அவனுக்கு டாக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அப்படிக் கழுவச் சொன்னவள் இப்போது இல்லை. குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, ஆசையாக அவன் நீட்டிய கையை அவன் மனைவி தட்டிவிட்டாள். "அந்தக் கையோட என் பிள்ளையத் தொட்டீங்க, அவ்வளவுதான்." கழுவிவிட்டு வந்தவனின் கையை முகர்ந்து பார்த்த பிறகே குழந்தையைக் கொடுத்தாள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் சொன்னவற்றில் அவனால் குறைவில்லாமல் காப்பாற்ற முடிந்தது இந்த ஒன்றைத்தான். அந்தத் தூளில் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவந்து வைத்திருந்தான். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும் முன் ஒரு தடவை, சமைத்துவிட்டுத் தூக்கும் முன் ஒரு தடவை. கை ஈரம் காயும்வரை குழந்தை சிட்டுவுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நிற்பாள். அவனும் அள்ளிக்கொள்வான்.

சிட்டுவின் தோல் முதலில் சிவந்தது. பிறகு பொரிப்பொரியாக எழும்பி, சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. மருத்துவமனையில் நர்ஸ் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோப்பு ஒத்துக்கல. சோப்ப நிறுத்திட்டு வெறும் தண்ணியில குளிப்பாட்டுங்க," என்று ஒரு களிம்பும் கொடுத்தாள். குழந்தையின் சோப்பை அன்றே தூக்கி எறிந்தான். அவள் துணிகளை வெறும் வெந்நீரில் அலசினான். ஆனாலும் சிவப்பு அப்படியே நின்றது. களிம்பு போட அவன் விரல் பட்டாலே வீறிட்டாள்.

"ஊது, அப்பா," என்பாள். குனிந்து ஊதுவான். ஊதுகிற நேரம் மட்டும் அவள் சொறிய மாட்டாள். நிறுத்தினால், "இன்னும்," என்பாள். தலை கிறுகிறுக்கும்வரை ஊதுவான். வேறு வழி தெரியாதவனுக்கு ஆண்டவன் மூச்சையாவது கொடுத்திருக்கிறானே என்று நினைத்துக்கொள்வான்.

மனைவியின் அக்கா, அவன் அண்ணி என்று கூப்பிடுகிறவள், ஒருமுறை வந்து பார்த்துவிட்டு அழுதாள். "இந்த மாசம் பாக்குறேன் தம்பி. ஆறலேன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க." அவள் ஊர் ஒரு பகல் முழுக்கப் பயண தூரம். அங்கே போன குழந்தை திரும்பி வராது என்று இருவருக்குமே தெரியும்.

பகலில் சிட்டுவைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. ஒரு நாள் அவள், வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "என்கிட்ட இருக்கறப்ப கொஞ்சம் அடங்குது. காலையில நீங்க கொண்டாந்து விடுறப்பதான் தணல்ல வாட்டின மாதிரி வர்றா. வீட்ல என்னதான் செய்யறீங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. நான் என்ன செய்கிறேன்? மறுநாள் குளிப்பாட்டக் குழந்தையின் சட்டையைக் கழற்றியவன் அப்படியே நின்றான். சிவப்பு இருந்தது அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும், முதுகின் நடுவில், பிடரியில். தூக்குகிற இடம், தட்டிக்கொடுக்கிற இடம், தலையைத் தாங்குகிற இடம். கையை விரித்து, படாமல், அவள் முதுகின் மேல் நிறுத்திப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. அவள் சோப்பைத்தான் எறிந்தானே தவிர, தன் கைச் சோப்பை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

அன்று முதல் தூளைத் தொடவில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவிப் பழந்துணியால் கையைத் துடைத்தான். கறுப்பு பெரும்பாலும் போனது. ரேகைகளிலும் நகக்கண்ணிலும் நின்றுவிட்டது. முதல்முறை அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கும்போது, யாரோ தட்டிவிடப்போவது போலக் கொஞ்சம் தயங்கினான். யாரும் தட்டிவிடவில்லை. அதுதான் வலித்தது.

"என்ன டாக்டரே, பிராக்டீஸ விட்டாச்சா?" என்றார் ஃபோர்மேன்.

"என் கைராசி சரியில்லண்ணே," என்றான்.

நீர் கசிவது நின்றது. தையல்காரம்மா பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, தையலெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள். "உள்பக்கம் ஒரு நூலும் உறுத்தாது. பாக்கறவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்." கூலி கேட்கவில்லை. உலகம் இப்படிப்பட்ட யாரோ ஒருவரால்தான் இன்னும் நடக்கிறது.

அண்ணி வந்தபோது அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குழந்தையைத் தூக்கியிருந்தான். வாசலில் நின்றபடியே அவள் பார்த்தாள். திருப்பிப் போட்டது போன்ற கவுன். அதன் தோளில் கறுப்பாக நாலு விரல். பிடரியில் தோல் உரிந்து திட்டுத்திட்டாக இருந்தது. ஆறுகிற புண், ஆறாத புண்ணைவிட மோசமாகத்தான் தெரியும்.

"துணியக்கூட நேராப் போட்டுவிடத் தெரியலையா தம்பி?"

"அது அப்படித்தான் தைச்சது அண்ணி. உறுத்தக் கூடாதுன்னு."

"கை?"

"கை கழுவினதாலதான் புண்ணு வந்துச்சு. இப்ப கழுவறதில்ல. ஆறிட்டு வருது, நல்லாப் பாருங்க."

சொல்லும்போதே அது பைத்தியக்காரன் பேச்சு போல அவன் காதுக்கே கேட்டது. அண்ணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். "பெத்தவள முழுங்கிட்டு நிக்கிற பிள்ள தம்பி இது. உங்களால முடியல. முடியலேன்னு சொல்றதுல தப்பில்ல," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு புதுச் சோப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். மூடியில் ஒரு வாத்துக்குஞ்சின் படம். மணம் அறை முழுக்கப் பரவியது.

"சோப்பு வேணாம் அண்ணி."

"குழந்தைங்களுக்குன்னே விக்கிறது தம்பி. விலையே எவ்வளவு தெரியுமா?"

அவள் மனசில் கள்ளமில்லை. அன்பாகத்தான் வாங்கியிருந்தாள். அவனும் ஒருகாலத்தில் அன்பாகத்தான் கழுவினான்.

மறுநாள் காலை துணிமூட்டையோடு அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டான். "வெறும் தண்ணி போதும் அண்ணி. ஒத்தித் துடைங்க, தேய்க்காதீங்க. ரொம்ப அரிச்சா ஊதிவிடுங்க, அடங்கிடும்." அண்ணி, "சரி, சரி," என்று டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். சிட்டு ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்கு டாட்டா காட்டினாள். இன்ஜின் உறுமியது. போன வாரம் அவன்தான் அதைப் பிரித்துச் சரிசெய்திருந்தான். நல்ல வண்டி. வழியில் எங்கும் நிற்காது.

பேருந்து நகரும்போது சிட்டு கையைப் பின்னால் வளைத்துப் பிடரியைச் சொறிந்தாள். அண்ணியிடம் ஏதோ கேட்டாள். அண்ணிக்குப் புரியவில்லை, அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூடவே ஓடினான். கண்ணாடி மூடியிருந்தது. உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினான். மறுபடியும் ஊதிக் காட்டினான். அண்ணியின் தலை குழந்தையின் பக்கம் குனிந்தது. ஊதத்தான் குனிந்தாளா, கீழே விழுந்த எதையாவது எடுக்கக் குனிந்தாளா, தெரியவில்லை. வண்டி திரும்பிவிட்டது.

கிளம்பிய தூசி அடங்கும்வரை அவன் அங்கேயே நின்றான், உதடு குவிந்தபடியே.